சிங்கனின் காதும் உங்கள் மடியும்

அக்கா,

இன்று காலை குசினிக்குள் நின்றபோது புளித்த மா மணத்தது. அப்பத்துக்குக் கரைத்து வைத்த மா பொங்கி வழிந்தால் ஒரு மணம் வருமே, அதே மணம். ஆனால் நான் நேற்று மா கரைக்கவில்லை. சட்டிகளைத் திறந்து பார்த்தேன், அடுப்படியைக் கூடக் குனிந்து மணந்து பார்த்தேன். பிறகுதான் காலடியில் சிங்கன் கிடப்பதைக் கண்டேன். இடது காதை நிலத்தோடு தேய்த்துத் தேய்த்துப் படுத்திருந்தான். அந்தக் காதைத் தூக்கிப் பார்த்தேன். மணம் அங்கேயிருந்துதான் வந்தது.

மாரி தொடங்கிவிட்டது. வாய்க்கால் நிரம்பிவிட்டது. இவன் போய் விழுந்து நீந்திவிட்டு வந்திருக்கிறான். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, எரிச்சல். இனி இவன் என் கைக்குப் பிடிபடமாட்டான், வேலிப் பொட்டால் நுழைந்து நேரே உங்கள் மடிக்குத்தான் போவான் என்ற அந்தப் பழைய எரிச்சல். அது வந்து நெஞ்சில் நன்றாக உட்கார்ந்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. போன மாரியில் உங்களைத் தூக்கிக்கொண்டு போனதை வாசல் படலையடியில் நின்று பார்த்தவள் நான். இருந்தும் என் பொறாமைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. ஆள் போன பிறகும் அது தன் பாட்டுக்கு வருகிறது.

சிங்கன் என்னுடைய நாய். இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. மாங்குளம் சந்தியில் ஒரு மரக்கறிக் கடைக்குக் கீழே கிடந்து முனகிய குட்டியைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தவள் நான். கொண்டக்டர் முறைத்த முறைப்பை வாங்கியவள் நான். பால் பருக்கியதும், உண்ணி பிடுங்கியதும், விசர்நாய் ஊசிக்குக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனதும் நான்தான். எங்கள் பக்கத்து நாய்களுக்குக் காது நிமிர்ந்து நிற்கும். இவனுடைய பூட்டன் பாட்டி யாரோ நல்ல சாதி நாயோடு பழகியிருக்க வேண்டும், இவனுக்கு இரண்டு காதும் வெற்றிலை போலத் தொங்கும். அழகுதான். ஆனால் மூடிய காதுக்குள் போன தண்ணீர் காயாது. அழகின் வில்லங்கம் முழுவதும் எனக்கு, அவனுடைய நன்றி முழுவதும் உங்களுக்கு என்று ஆகிப்போனது.

முதல் தடவை நடந்தது நினைவிருக்கிறதா? அவன் தலையைச் சரித்துக்கொண்டு திரிந்தான். பின்னங்காலால் காதைச் சொறிந்து சொறிந்து கத்தினான். பார்க்கலாம் என்று நான் கையை நீட்டியதுதான் தாமதம், உறுமினான். என்னைப் பார்த்து. என் சோற்றைத் தின்று வளர்ந்த வாயால். உறுமிவிட்டுக் கிளுவை வேலியில் அவனே நுழைந்து நுழைந்து ஓட்டையாக்கிய பொட்டுக்குள்ளால் உங்கள் வளவுக்குப் போனான். நீங்கள் குசினி வாசலில் காலை நீட்டி இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தீர்கள். அவன் போய்ச் சுளகைத் தள்ளிவிட்டு உங்கள் மடியில் தலையை வைத்தான். நீங்கள் காதைத் தூக்கிப் பார்த்தீர்கள். அவன் ஒரு சத்தமும் போடவில்லை.

"தங்கச்சி, இங்க வாங்க. உள்ளுக்குள்ள எல்லாம் ஊத்தையா இருக்கு. நீங்க பாக்கலியா?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் சாதாரணமாகத்தான் கேட்டீர்கள். எனக்கு அது சுட்டது. பார்க்க விட்டால்தானே பார்க்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் என் நாய் என்னைப் பார்க்க விடவில்லை என்பதை நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் "ஓம் அக்கா, இப்பத்தான் கண்டனான்" என்றேன்.

அன்றைக்கு ஊர் முழுக்க வைத்தியராகிவிட்டது. முன்வீட்டுக்காரர் கழிவு எஞ்சின் ஒயில் ஊற்றச் சொன்னார், சொறிக்கு அதுதான் திறம் என்றார். சொறி இல்லை, காது என்றேன். காதுக்கும் அதுதான் என்றார். இன்னொருவர் கற்பூரத்தையும் மண்ணெண்ணெயையும் கலக்கச் சொன்னார். நீங்கள் எல்லாரையும் கையால் விலக்கிவிட்டு, தேங்காயெண்ணெயில் பூண்டும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சினீர்கள். நான் உள்ளி என்பதை நீங்கள் பூண்டு என்பீர்கள். மலையிலிருந்து சின்ன வயதில் இறங்கி வந்தவர், இத்தனை வருஷம் வன்னி வெயில் குடித்தும் உங்கள் பேச்சில் தேயிலைத் தோட்டம் அப்படியே இருந்தது. லயத்து வீட்டில் உங்கள் அம்மா உங்கள் எல்லாருடைய காதுக்கும் அந்த எண்ணெயைத்தான் விட்டாராம். நான் கடற்கரைப் பிள்ளை. முல்லைத்தீவுக் கடலில் சொறிமுட்டை என்கிற ஜெலிமீன் பட்டால் வினாகிரியைத்தான் ஊற்றுவோம். எரிந்தால்தான் மருந்து என்று வளர்ந்தவள். நீங்கள் எண்ணெய், நான் வினாகிரி. சண்டை அங்கே தொடங்கியது.

உங்கள் எண்ணெய்க்கு அவன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான். மணம் போகவில்லை. பிறகு மாட்டுக்கு ஊசி போட வந்த டொக்டரை மறித்துக் காட்டினோம். அவர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"உள்ளுக்குப் புண் ஒண்டும் இல்லை. தண்ணி நிண்டு பூஞ்சணம் பிடிச்சிருக்கு. எண்ணெய் ஊத்தாதேங்கோ, இன்னும் ஊறும். வினாகிரியும் கொதிச்சாறின தண்ணியும் சரிக்குச் சரி கலந்து, துணியை நனைச்சு, விரலில சுத்தித் துடையுங்கோ. குச்சி விட்டுக் கிண்டாதேங்கோ. பிறகு நல்லா ஈரம் உலத்துங்கோ. புண் கண்டா வினாகிரி கிட்டவும் கொண்டு போகாதேங்கோ, என்னட்டைக் கொண்டு வாங்கோ. சும்மா விட்டா உள்காதுக்குப் போகும், பிறகு இவனுக்குக் காது கேக்காது."

நான் உங்களைப் பார்த்தேன். என் முகத்தில் அப்போது என்ன இருந்ததென்று எனக்கே தெரியும். நீங்கள் சீலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு, "சரி, அப்ப தங்கச்சியே செய்யட்டும்" என்றீர்கள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அக்கா, அதைப் போல மடத்தனம் வேறில்லை.

எரிகிற மருந்து எனக்கு வந்தது. துணியோடு நான் வருவதைக் கண்டால் சிங்கன் கட்டிலுக்குக் கீழே போவான். இழுத்து எடுத்து, முழங்காலுக்குள் இறுக்கிப் பிடித்து, துடைப்பேன். அவன் கண் வெள்ளை தெரிய என்னைப் பார்ப்பான். விட்டதும் தலையை ஒரு உதறு, வினாகிரியும் ஊத்தையும் என் முகத்தில். அடுத்த நொடி வேலிப் பொட்டு. அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் குரல் கேட்கும்.

"என்னா தங்கச்சி, மருந்து போட்டீங்களா?"

"ஓம்."

"பாவம்."

அந்தப் பாவம் எனக்கில்லை. அவனுக்கு.

பிறகு எண்ணெய்ச் சிரட்டையை நீங்கள் தணலுக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்குகிற மணம் வேலிக்கு மேலால் வரும். எனக்கு வயிறு எரியும். நான் உலர்த்தி எடுத்த காதுக்குள் நீங்கள் திரும்பவும் எண்ணெய் விடுகிறீர்கள் என்று நினைத்து. எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "அக்கா, எண்ணெய் ஊத்த வேண்டாம் எண்டு டொக்டர் சொன்னவர் எல்லே" என்றால், "நீங்க தேய்க்கிற தேய்ப்புக்கு அவன் என்ன, பித்தளைச் சட்டியா?" என்பீர்கள். சிரிப்பு வரும், கோபமும் வரும். சிரித்தால் தோற்றுவிடுவேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

இதற்குள் வைரவருக்கு நேர்த்தி வேறு வைத்தீர்கள். சிங்கனின் காது சுகப்பட்டால் வடை மாலை சாத்துவதாக. நாய் அவருடைய வாகனம், அவருக்கில்லாத அக்கறையா என்று உங்கள் கணக்கு. எனக்கு மனம் பொறுக்கவில்லை. நான் அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். யாருக்காக என்று கேட்ட கன்னியாஸ்திரியிடம், வீட்டில் ஒருவருக்குக் காதில் வருத்தம் என்று சொன்னேன். காது சுகப்பட்டது. மணம் போய்விட்டது, சொறிவதை நிறுத்தினான். நீங்கள் உழுந்து அரைத்து, உங்கள் வீட்டுக்காரர் அண்ணை மாலை கோத்து, மூவருமாக வாய்க்கால் கரையில் மரத்தடி வைரவரிடம் போனோம். நான் வேதக்காரி, கொஞ்சம் தள்ளி நின்றேன். பூசை முடிந்ததும் மாலையில் இருந்து வடையைக் கழற்றிச் சிங்கனுக்குக் கொடுத்தீர்கள். அவன் ஒன்றை விழுங்கிவிட்டு அடுத்ததுக்கு உங்கள் கையைப் பார்த்தான். வினாகிரி என்னுடையது, மெழுகுதிரி என்னுடையது, வடை உங்களுடையது. அவன் எதை நினைவில் வைத்திருப்பான் என்று சொல்லத் தேவையில்லை. அந்தோனியார் மெழுகுதிரி வாங்குவாரே தவிர வடை தருவதில்லை.

அதற்குப் பிறகு ஊரில் உங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. பன்றிக்காவலுக்கு நாய் வைத்திருக்கிறவர்கள் துணுக்காய்ப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். ஒருநாள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் நாயைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து என் படலையில் நின்றார்.

"நாய்க்குக் காது பாக்கிற அம்மா வீடு இதுவோ?"

"இல்லை, அடுத்தது" என்றேன். என் படலையில் நின்று உங்கள் படலையைக் காட்டினேன். காட்டிய கையை அன்று முழுக்க எனக்குப் பிடிக்கவில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்காமல் இருக்க முடியுமா? நீங்கள் அவருக்குச் சொன்னீர்கள், "வினாகிரியும் ஆறின தண்ணியும் சரிக்குச் சரி எடுத்துக்குங்க. குச்சி விடாதீங்க. நல்லா ஈரம் எடுத்துடுங்க. புண்ணு இருந்தா டாக்டர்கிட்ட போங்க." சொல்லுக்குச் சொல் என் மருந்து. ஒருவேளை பக்கத்து வீட்டுத் தங்கச்சிதான் இதைச் செய்கிறா என்றும் சொன்னீர்களோ தெரியாது. அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிள்காரர் இருமினார். நான் எதையும் கேட்கவில்லை, கேட்டதாக வைத்துக்கொள்ளவும் விரும்பவில்லை. மடியையும் எடுத்துக்கொண்டு, மருந்தையும் எடுத்துக்கொண்டு, பெயரையும் எடுத்துக்கொண்டீர்களே என்று இரண்டு நாள் உங்களோடு கதைக்காமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் நானும் அதே பொட்டால் வந்தேன். மகள் வவுனியாவிலிருந்து போன் எடுத்து, அம்மா நீங்கள் அங்கே தனியே கிடந்து என்னத்தைக் காவல் காக்கிறீர்கள், காணியை வித்துப்போட்டு வாங்கோ என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். அவளுடைய சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. உங்களிடம் வந்து கறிவேப்பிலை கேட்டேன். என் வளவில் கறிவேப்பிலை மரம் வேலிக்கு மேலால் உங்கள் பக்கமே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. நீங்கள் அதைப் பார்க்கவில்லை. உங்கள் மரத்தில் ஒரு கொப்பை முறித்துத் தந்துவிட்டு, "இருங்க, தண்ணி கொதிக்குது" என்று பலகையைத் தள்ளி வைத்தீர்கள். நான் என்ன சொன்னேன், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது நினைவில்லை. தேநீர் குடித்து முடித்தபோது மகளின் சத்தம் காதில் இல்லை. அன்றைக்கும் சிங்கன் உங்கள் மற்றப் பக்கத்தில்தான் கிடந்தான்.

உங்களுக்குச் சீனி வருத்தம் முற்றி, காலில் வந்த புண் ஆறாமல், கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிடத்தினார்கள். நான் பார்க்க வந்தேன். மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன், கையில் புட்டுப் பார்சலோடு. என்னைக் கண்டதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "சிங்கன் சாப்பிடுறானா?"

"திண்டுகொண்டுதான் இருக்கிறான்" என்றேன்.

"காது?"

"நல்லாயிருக்கு."

பிறகு கண்ணை மூடிக்கொண்டீர்கள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டீங்களா, எப்படி வந்தீங்க என்று ஒரு வார்த்தை இல்லை. நோயாளியிடம் போய் இதை எதிர்பார்த்தேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்கிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இருக்க இடம் கிடைத்தது. இரணைமடுப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன், முழுத் தூரமும் ஒரு நாய் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு உங்களை உயிரோடு நான் காணவில்லை.

சரி, இன்று காலைக்கு வருகிறேன்.

டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். "புண் இருக்கோ எண்டு முதல்ல வடிவாப் பாருங்கோ. இல்லையெண்டா பழையபடி செய்யுங்கோ. நாலைஞ்சு நாளில மணம் போகேல்லையெண்டா கட்டாயம் கொண்டு வாங்கோ. இது அடிக்கடி வருது, இந்தமுறை கவனம்" என்றார். அவர் வைத்த பிறகு எனக்குப் பயம் பிடித்தது. போன கிழமைதான் யானை வந்து அடுத்த வளவில் வாழையை முறித்துப்போட்டுப் போனது. எனக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். இந்த வீட்டில் ஒழுங்காக வேலை செய்கிற காது சிங்கனுடையது மட்டும்தான். அதுவும் போனால் மகள் சொல்வதைக் கேட்டுக் காணியை விற்றுவிட்டு வவுனியாவில் ஒரு அறைக்குள் போய் இருக்கவேண்டியதுதான்.

வினாகிரியைக் கலந்தேன். துணியை நனைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. பொட்டடியில் வால் மறைவதுதான் தெரிந்தது. நீங்கள் போன பிறகு அந்த வளவுக்குள் நான் கால் வைக்கவில்லை. இன்று கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு குனிந்து நுழைந்தேன். கிளுவை முள் தலைமயிரில் மாட்டியது.

அண்ணை கிணற்றடியில் நின்றார். மகன் வீட்டோடு போய்விட்டாலும் காலையில் சைக்கிளில் வந்து உங்கள் தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் போகிறார். சிங்கன் உங்கள் குசினி வாசலில் நின்றுகொண்டு பூட்டிய கதவை மணந்துகொண்டிருந்தான். அண்ணை என் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

"காதாம்மா?"

"ஓம் அண்ணை. திரும்பி வந்திட்டுது. அக்கா எண்ணெய் விட்டு விட்டுத்தான் இது மாறாமல் நிண்டது" என்றேன். அவர் மனம் நோகுமென்று பிறகுதான் யோசித்தேன். என் வாய் எப்போதும் இப்படித்தான்.

அவர் வாளியை வைத்தார். "எண்ணெயா? அவ எங்க ஊத்துனா? டாக்டர் சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டாளேம்மா."

"எனக்கு மணம் வருமே அண்ணை. சிரட்டையில சூடாக்கிறவா."

"சூடாக்குவா. கையில தொட்டுக்கிட்டுக் காதுக்குப் பின்னாடி, கழுத்துல, தலையில தடவுவா. உள்ளுக்கு ஒரு சொட்டு விடமாட்டா. நான்கூடக் கேட்டேன், அப்ப தங்கச்சிகிட்டச் சொல்லிடேன், ஏன் சும்மா பேச்சு வாங்குறேன்னு. தோத்துப்போனேன்னு நானே போய்ச் சொல்லணுமான்னு எங்கிட்டயே கேட்டா."

அவர் சிரித்தார்.

"அவளுக்கு உங்க மேல பொறாமைம்மா. காது வலிச்சா எங்கிட்ட வர்றான், சுகமானதும் அங்கதான் போயிப் படுக்கிறான், சோத்துக்கும் தூக்கத்துக்கும் அவுங்கதான் அவனுக்கு அப்படீன்னு சொல்லிக்கிட்டே இருப்பா."

அக்கா, உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். நீங்களும் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து எரிந்துகொண்டிருந்தீர்கள். இதை உங்களுக்குச் சொல்லிக் காட்டவேண்டும், முகத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது. அண்ணையின் பின்னால் குசினிக் கதவைப் பார்த்தேன். பூட்டுத் தொங்கியது.

பிறகு மற்றது உறைத்தது. மருந்தென்றால் நானும் படித்திருப்பேன். இத்தனை பூண்டு, இத்தனை வேப்பிலை, இத்தனை சூடு என்று கேட்டுக் காய்ச்சியிருப்பேன். நீங்கள் மருந்தே போடவில்லை. அவன் உங்களிடம் வந்தது வெறும் கைக்கு. அந்தக் கையை நான் எங்கே போய்ப் படிப்பது? இத்தனை வருஷமும் எண்ணெயோடு போட்டி போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் என்றால் ஒருநாள் வென்றிருக்கலாம்.

சிங்கனை அங்கேயே பிடித்தேன். உங்கள் வாசலில் வைத்தே. புண் இல்லை என்று வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன். துணியை விரலில் சுற்றியதும் உறுமினான். நானும் விடவில்லை. "உறுமு. உறுமினாலும் நான்தான். இனி வேற ஆக்கள் இல்லை" என்றேன். அண்ணை மற்றப் பக்கம் திரும்பி வாளியைத் தூக்கினார். சிங்கன் பல்லைக் காட்டினான், கடிக்கவில்லை. துடைத்து, ஈரம் எடுத்து, காது மடலைத் தூக்கிக் கொஞ்ச நேரம் காற்றுப்படப் பிடித்திருந்தேன். கை சும்மா இருக்கவில்லை, காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தது. அவன் தலையை இழுத்துக்கொண்டான். நான் தடவியதும் துடைப்பது போலத்தான் இருந்திருக்கும்.

அண்ணை போய்விட்டார். சிங்கன் என்னோடு வரவில்லை. நீங்கள் காலை நீட்டி இருக்கும் இடத்தில் வினாகிரி மணக்கும் காதை நிலத்தில் வைத்துப் படுத்துக்கொண்டான். கதவைப் பார்த்தபடி கிடந்தான். காற்றில் பூட்டு ஆடிச் சத்தம் கேட்டபோது வாலை ஒருமுறை நிலத்தில் அடித்தான். கொஞ்சம் பொறுத்தால் நீங்கள் வெளியே வருவீர்கள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு மகள் நேற்றும் போன் எடுத்தாள், நேற்றும் கத்தினாள். நான் போனை வைத்துவிட்டு என் மரத்திலேயே கறிவேப்பிலை பிடுங்கிக் கறியில் போட்டேன்.

பொட்டடியில் கிண்ணத்தோடு நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு காலமும் அவனால் உங்கள் மேல் பொறாமைப்பட்டவள், அந்தப் பஸ்ஸில் போலவே இன்றைக்கும் உங்களால் அவன் மேல் பொறாமைப்பட்டேன். எரிகிற மருந்துக்கு அவனுக்கு நான் இருக்கிறேன். பிறகு போய்க் கிடப்பதற்கு நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறான். நானும் அவன் பக்கத்தில் போய் இருந்து பார்த்தேன், அக்கா. என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.